கூட்டல் குறி உள்ள வர்க்கமூலம்: டான் போடலாமா, ஆய்லரிடம் போகலாமா?

தொகையிடும் (இன்டக்ரேஷன்) கணக்கில் வர்க்கமூலத்துக்குள் இருபடிக் கோவை வந்தால் பெரும்பாலானோர் கை தானாக முக்கோணவியல் பிரதியிடலுக்குப் போகும். √(1 − எக்ஸ்²) என்றால் அது சரிதான். எக்ஸ் = சைன் தீட்டா என்று போட்டதும் மூலம் காஸ் தீட்டாவாகிவிடும்; 0 முதல் 1 வரை தொகை பை/4. இங்கே போட்டியே இல்லை.

கூட்டல் குறி வந்தால் கதை வேறு. 1/√(எக்ஸ்² + 1) என்பதை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் = டான் தீட்டா போட்டால் செக் தீட்டாவின் தொகையில் வந்து நிற்போம். விடை மனப்பாடமாக இருந்தால் ஒரு வரி வேலை. இல்லாதவருக்கு அது லேசுப்பட்டதல்ல: மெர்கேட்டர் வரைபடம் என்ற கடற்பயண வரைபடத்துக்காக ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்வர்ட் ரைட் 1599இல் இதே தொகையை எண்களைக் கூட்டிக் கூட்டித்தான் அட்டவணையாக்கினார், அதற்கான சூத்திரத்தை ஸ்காட்லாந்துக் கணிதவியலாளர் ஜேம்ஸ் கிரிகோரி நிரூபித்தது 1668இல்.

டானுக்குப் பதில் எக்ஸ் = சைன்ஹெச் யு என்று போட்டுப் பாருங்கள். சைன்ஹெச், காஸ்ஹெச் இரண்டும் சைன், காஸ் போன்ற அதிபரவளையச் சார்புகள்; காஸ்ஹெச்² = சைன்ஹெச்² + 1. மேலும் கீழும் காஸ்ஹெச் யு அடிபட்டு, விடை வெறும் யு! √(எக்ஸ்² + 1)-ஐயே தொகையிடும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். டான் வழியில் செக்கின் கனம் வந்து, பகுதித் தொகையிடலில் அதே தொகை திரும்ப முளைக்கும். சைன்ஹெச் வழியில் காஸ்ஹெச்சின் வர்க்கம்தான். ஒரு சூத்திரத்தில் முடிந்துவிடும்.

ஆனாலும் என் ஓட்டு கணித மேதை ஆய்லரின் பிரதியிடலுக்கே. √(எக்ஸ்² + 1) = டி − எக்ஸ் என்று வைத்து வர்க்கப்படுத்தினால் இரு பக்கமும் எக்ஸ்² அடிபட்டுப்போகும். முறையின் உயிரே அந்த இடம்தான். எக்ஸ் = (டி² − 1)/(2டி) என்று வர்க்கமூலமே இல்லாமல் கிடைக்கிறது; தொகையிட மிஞ்சுவது 1/டி. விடை டி-யின் இயல் மடக்கை, அதாவது எக்ஸ் + √(எக்ஸ்² + 1) என்பதன் மடக்கை.

இதன் பலம் 1/(எக்ஸ் √(எக்ஸ்² + எக்ஸ் + 1)) போன்ற கணக்கில் தெரியும். டான் போட முதலில் வர்க்கத்தைப் பூர்த்தி செய்து, √3/2 என்ற எண்ணைக் கடைசிவரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். இங்கே மூலம் = டி − எக்ஸ் என்றால் எல்லாம் சுருங்கி 2/(டி² − 1) மட்டும் நிற்கும்; அப்புறம் பகுதிப் பின்னம்தான்.

எக்ஸ்²-இன் கெழு மிகையாக இருந்தால்தான் இந்த வடிவம் செல்லும். குறையாக இருந்தால் ஆய்லரின் வேறு வடிவங்கள் உண்டு. மூலத்துக்குள் முப்படி நுழைந்துவிட்டால், √(எக்ஸ்³ + 1) போல, மூன்று வழியும் உதவாது. அது நீள்வட்டத் தொகை; நாம் பழகிய சார்புகளால் அதன் விடையை எழுதவே முடியாது.