குட்டி லீவரா, திருகு நாப்பா? பழைய ஃபோர் வீல் பிக்கப்பில் எதை எடுப்பது

காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை ஐஸ், வலை, இன்ஜின் என்று ஏற்றி இறக்குபவர்களில் சிலர் பழைய ஃபோர் வீல் பிக்கப் தேடுகிறார்கள். விலை, ஆர்.சி., பாடி எல்லாம் ஒத்துவந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கும்: ஃபோர் வீல் போடுவதற்கு மெயின் கியர் பக்கத்தில் குட்டி லீவர் இருக்கிற வண்டியா, டேஷ்போர்டில் நாப் இருக்கிற வண்டியா? நான் எடுத்தது லீவர். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் லீவர் வகை. டாடா ஸினான், ஸ்கார்பியோ கெட்அவே, 2016இல் வந்த இசுஸு வி-கிராஸ் எல்லாம் நாப் அல்லது சுவிட்ச் வகை.

லீவரோ நாப்போ இயக்குவது டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பெட்டியை. 2ஹெச் (டூ வீல் ஹை) நிலையில் பின் அச்சுக்கு மட்டும் சுழற்சி போகும். 4ஹெச் (ஃபோர் வீல் ஹை) போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகிற ஷாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். 4எல்லில் (ஃபோர் வீல் லோ) அந்தப் பூட்டோடு வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடும். இந்த வண்டிகளில் முன், பின் ஷாஃப்டுகளை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃப்ரன்ஷியல் நடுவில் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு, பின் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு. பூட்டிய ஷாஃப்ட் அதற்கு இடம் கொடுக்காது. மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் முறுக்கு உள்ளேயே ஏறும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே கெத்தாக ஃபோர் வீல் போட்டு ஊர்கிறவர்கள், பெட்டிக்குள் முன் ஷாஃப்டைச் சுழற்றும் செயினைத் தாங்களே தேய்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது இரண்டு வகைக்கும் பொது. பெட்டிக்குள் நிலையை மாற்றும் ஃபோர்க், அது தள்ளும் காலர் எல்லாம் கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஃபோர்க்கைத் தள்ளுவது உங்கள் கையா, ஒரு சின்ன மோட்டாரா என்பதில்தான் பேச்சே.

நாப்பின் வசதியை மறுக்க முடியாது. ஓடிக்கொண்டே 2ஹெச்சிலிருந்து 4ஹெச்சுக்குத் திருப்பலாம், புது டிரைவருக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வண்டி நிற்காமல் 4எல் கேட்டால் கன்ட்ரோல் யூனிட் ஏற்றுக்கொள்ளாது, கியர் நொறுங்காது. விற்கும்போதும் ‘பட்டன் ஃபோர் வீல்’ என்றால் ஒரு மவுசு உண்டு.

ஆனால் அந்த மோட்டார் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வண்டிக்கு அடியில், டிரான்ஸ்ஃபர் கேஸின் முதுகில். அதற்கு ஒரு ஒயர் கட்டு, ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்ல உள்ளே ஒரு சென்சார். தாழங்குப்பத்திலும் காட்டுப்பள்ளியிலும் கடற்கரை மணலில் இறங்கி, ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகியபடியே ஓடுகிற வண்டியில் இந்தக் கனெக்டர்தான் முதல் பலி. நான் வாங்காமல் விட்ட நாப் வண்டி ஒன்றில் மெக்கானிக் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பின்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு, ஒரு பின் தொட்டதும் பொடிந்து விழுந்தது. டேஷ்போர்டில் 4ஹெச் லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது, முன் சக்கரம் சேரவே இல்லை.

இதில் இன்னொரு வில்லங்கம். மோட்டார் செத்தால் பெட்டி எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும். 2ஹெச்சில் நின்றால் வீட்டுக்காவது போகலாம். 4எல்லில் நின்றால் மீஞ்சூரிலிருந்து ராயபுரம் வரை இன்ஜின் கத்தக் கத்த உருட்ட வேண்டியதுதான். மோட்டாரைக் கழற்றிவிட்டு, அது திருப்புகிற சின்னத் தண்டைக் கையால் திருப்பி 2ஹெச்சுக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. விவரம் தெரிந்தவர் செய்துவிடுவார். அலை ஏறி வரும் மணலில் மல்லாந்து படுத்துச் செய்ய ஆள் வேண்டுமே.

லீவரில் கெட்டுப்போவது என்ன? புஷ் தேயும், லீவரைப் பெட்டியோடு இணைக்கும் லிங்கேஜ் ஆடும், ரப்பர் கவர் கிழிந்து கேபினுக்குள் சூடும் சத்தமும் வரும். எல்லாமே தெரு முனை ஷெட்டில் முடிகிற வேலை. அதைவிட எனக்குப் பிடித்தது, உள்ளே நடப்பது கைக்குத் தெரிகிறது. மணலைவிட்டு ரோட்டில் ஏறியதும் லீவர் 2ஹெச்சுக்கு வர மறுத்தால் முறுக்கு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கை நேராக வைத்து மெல்ல ரிவர்ஸ் எடுத்தால், டொக்கென்று தானே இறங்கும். நாப் வண்டியிலும் இதே வைத்தியம்தான், ஆனால் அங்கே சிமிட்டுகிற லைட்டைப் பார்த்து, கோளாறு முறுக்கிலா மோட்டாரிலா என்று யோசிக்க வேண்டும்.

லீவரில் ஒன்றே ஒன்று கவனம். 4ஹெச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது. அதில் நின்றால் மெயின் கியரை எதில் போட்டு வைத்திருந்தாலும் வண்டி உருளும். படகு இறக்கும் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் லீவரைத் தொடாதீர்கள்.

என் ஓட்டம் எல்லாம் மணல், உப்பளச் சேறு, மழைத் தண்ணீர். மலைப்பாதையில் அடிக்கடி மாற்றி ஓட்டுகிறவர்கள் நாப்தான் சௌகரியம் என்கிறார்கள். அங்கே நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். உள்ளூரிலும் தார் ரோட்டைவிட்டு இறங்காதவருக்கு இந்த வாதமே வேண்டாம், டூ வீல் டிரைவ் போதும்.

எதை வாங்கினாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது: சூடான பெட்டி தண்ணீரில் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகவும் பிரீத்தர் (காற்றுத் துளை) வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும். பிறகு மணலில் 4எல் போட்டு லோடோடு இழுக்கச் சொல்லுங்கள். கடகடவென்று பல் தாவுகிற சத்தம் வந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. நாப் வண்டிதான் அமைகிறது என்றால் விலை பேசும் முன்பே கனெக்டரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். வாங்கிய பின் அதில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் அடைத்து, கடற்கரை போய் வரும்போதெல்லாம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். மாதம் ஒருமுறையாவது மணலில் 4ஹெச், 4எல் இரண்டையும் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரும் ஃபோர்க்கும் இறுகிப்போகும்.