185 வெள்ளி ரிசீவரும் பினாங்கு வானத்து வெள்ளைக் கோடுகளும்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் முதலில் வானத்தைத்தான் பார்ப்பேன். சில காலைகளில் ஒரு விமானம் நீளமாக வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். பத்து நிமிடம் கழித்து அதே வழியில் போகும் இன்னொன்று எதுவும் விடாது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த யூஎஸ்பி ரிசீவரை இணையத்தில் வாங்கினேன். ஏரியலோடு 185 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து மாதமாக என்னிடம் இருக்கிறது.

கட்டைவிரல் அளவுதான். விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் அடையாளம், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் ஒலிபரப்பிக்கொண்டே போகின்றன. இது அதைப் பிடித்து மடிக்கணினிக்குக் கொடுக்கிறது. கைப்பேசிச் செயலியிலேயே விமானம் தெரியுமே என்று கேட்கலாம். எனக்கு வேண்டியது நொடி வாரியான பதிவு. நான் எடுத்த படத்தின் நேரத்தோடு அதை ஒப்பிட வேண்டும். இதில் அது என் கோப்பிலேயே சேர்ந்துவிடுகிறது.

ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் வைத்தபோது கொடிமலை மறைத்துவிட்டது. மேற்கே 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டு மாடிக்குக் கொண்டுபோனேன், 200 கிலோமீட்டர் சர்வசாதாரணமாகக் கிடைத்தது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு வாங்குங்கள். ஏரியல் வயரின் இணைப்பு முதல் நாளே ஆடியது, தொட்டால் விமானங்கள் மறைந்தன. விற்றவர் மூன்று வாரம் பதில் போடவில்லை. 12 வெள்ளிக்கு வேறு வயர் வாங்கி மாற்றினேன். அப்புறம் தொந்தரவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோடு புகை இல்லை, பனித்துகள். இயந்திரத்திலிருந்து வரும் நீராவி கடுங்குளிர்க் காற்றில் கலந்து, கரித்துகள்களைச் சுற்றி உறைகிறது. அதற்குக் காற்று ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் வெப்பமண்டலத்தில் 34,000 அடியில்தான் அந்தக் குளிரே தொடங்குகிறது. 39,000 அடியில் மைனஸ் 50-ஐத் தாண்டிவிடும். என் நோட்டில் கோடு போட்டவை அநேகமாக 37,000 அடிக்கு மேல் பறந்தவை. பத்து நிமிடம் கழித்து வந்த அந்த இரண்டாவது விமானம் ஏன் கோடு விடவில்லை என்பது உயரத்தைப் பார்த்ததுமே புரிந்தது.

ஈரப்பதத்தை ரிசீவர் சொல்லாது, அது பெரிய குறை. கோடு சட்டென்று கரைவதா, பரந்து மேகமாவதா என்பது அந்த உயரத்து ஈரப்பதத்தைப் பொறுத்தது. அதற்குப் பாயான் லெப்பாஸ் வானிலை நிலையம் காலை 8-க்கும் இரவு 8-க்கும் விடும் பலூனின் அளவுகளைப் பார்க்கிறேன். விமானம் சொல்லும் உயரம் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. பலூனும் அழுத்தத்தோடுதான் வெப்பநிலையைத் தருகிறது, அதனால் இரண்டையும் நேராகப் பொருத்தலாம். அவ்வளவு குளிரில் பலூனின் ஈரப்பத உணரி மந்தமாகிவிடும், அந்த எண்ணை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தையும் அளக்கிறேன். முழுநிலா அரை டிகிரி, அதே லென்ஸில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். தலைக்கு நேர் மேலே 12 கிலோமீட்டர் உயரத்தில் நிலா அளவு என்றால் சுமார் 100 மீட்டர். விமானம் கடந்து எத்தனை நிமிடம் ஆனது என்று ரிசீவர் பதிவில் இருப்பதால், கோடு விரியும் வேகமே கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. இந்தக் கோடுகளும் அவற்றிலிருந்து விரியும் மேகங்களும் தரும் வெப்பமூட்டல் சதுர மீட்டருக்கு 57 மில்லிவாட், விமானங்களின் கார்பன் டை ஆக்சைடு தருவது 34 என்று 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆனால் அந்த 57-க்கு அது தரும் வீச்சு 17 முதல் 98 வரை. பகலில் இந்த மேகம் வெயிலையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரவில் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்க மட்டுமே செய்யும். நள்ளிரவு தாண்டி சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களின் கோடு நிலா இல்லாத இரவில் என் கண்ணுக்குத் தெரியாது. உயரம் மட்டும் ரிசீவரில் வரிசையாக விழுகிறது.

விடுமுறை இரவுகளில் அக்கா மகளும் மாடிக்கு வந்துவிடுவாள். நான்காம் படிவம் படிக்கிறாள். போன வாரம் நிலா வெளிச்சத்தில் அவள்தான் முதலில் பார்த்தாள்: "மாமா, 41,000 அடி, கோடு இருக்கு, எழுதிக்குங்க."