எஞ்சின் அறை: நீரால் கழுவுவதா, துணியால் துடைப்பதா?

காரின் எஞ்சின் அறையை வீட்டிலேயே சுத்தம் செய்ய விரும்புபவருக்கு என் பரிந்துரை, பெரும்பாலும், துடைப்பதுதான். தூசு மட்டுமே படிந்திருந்தால் மென்மையான தூரிகை, ஈரத்துணி, சிறிது கிளீனர் போதும். கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்தால் மின் இணைப்பிகளுக்குள் ஈரம் புகாது. நேரம் கூடுதலாகும், இடுக்குகளுக்குக் கை எட்டாது. ஆனால் துடைக்கும்போதே விரிசல் விட்ட குழாயும் தளர்ந்த கிளிப்பும் கண்ணில் படும். இந்த ஒரு லாபத்துக்காகவே இதை விரும்புகிறேன்.

எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய பிசுக்கு துணிக்கு மசியாது. அங்கே டிகிரீசரும் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்) தண்ணீரும் தேவை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்: சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும், டிகிரீசர் ஆவி தீப்பற்றவும் கூடும். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி), காற்று உள்ளிழுக்கும் வாய், ஃபியூஸ் பெட்டி, வெளியே தெரியும் இணைப்பிகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். டிகிரீசர் காய்வதற்குள் மெல்லிய நீர்த்தூவலால் அலசுங்கள். உயர் அழுத்தக் குழாய் வேண்டவே வேண்டாம். அது ரப்பர் அடைப்புகளைத் தாண்டி நீரை உள்ளே தள்ளிவிடும். பிறகு உறைகளை அகற்றி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பானெட்டைத் திறந்தே வைத்து உலரவிடுங்கள். எண்ணெய்க் கழிவு மழைநீர் வடிகாலில் கலக்கக் கூடாது.

ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அந்தக் கார்களில் பானெட்டுக்கு அடியே நீரால் கழுவவே வேண்டாம். துடைக்கும்போதும் அந்தக் கம்பிகளைத் தொடாதீர்கள்.