நாடி சிக்காத கைக்கு 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர்: டகயாசு நோயில் எவ்வளவு பயன்படும்?

டகயாசு தமனி அழற்சி (இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் குறுகும் நோய்) உள்ளவர்களின் கையில் தானியங்கி பி.பி. கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. துடிப்பு கஃப்புக்குள் (கையில் சுற்றும் காற்றுப் பட்டைக்குள்) எழுப்பும் அதிர்வை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. தமனி குறுகிய கையில் அந்த அதிர்வு மங்கிவிடும். 'எரர்' வந்தால் கூடப் பரவாயில்லை, ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். 90 என்று சாந்தமாக ஓர் எண் வரும்போதுதான் ஆபத்து. பெருந்தமனிக்குள் 180 ஓடிக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க உதவும் எளிய சாதனம், தமனியில் ஓடும் இரத்தத்தை மீயொலி அலையால் ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர். பேனா பருமனில் ஒரு புரோப், சின்ன ஒலிபெருக்கி, பேட்டரி. கூடவே கையால் காற்றடிக்கும் டயல் பி.பி. கருவி ஒன்றும் வேண்டும்.

வாங்கும்போதே பலர் தவறுகிறார்கள். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வயிற்றுக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பவை. அவற்றின் அலைவெண் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ், ஆழத்தில் கேட்பதற்கானவை. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தோலுக்கு அடியிலேயே ஓடும் தமனிக்கு 8 மெகாஹெர்ட்ஸ் புரோப் வேண்டும். பருத்த காலுக்கும் வீங்கிய காலுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் உதவும். திரை உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அழுத்தம் அளக்கக் காதே போதும்.

எந்தக் கையில், எந்தக் காலில் அளப்பது? கருவியோடு வரும் கையேட்டில் இதற்குப் பதில் இருக்காது. அந்த நோயாளியின் உடலில் நோய் எங்கே படர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது, நாட்டுக்கு நாடு அது மாறவும் செய்கிறது. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு 1905-இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் வளையமாகப் பின்னிக்கிடந்த இரத்தக் குழாய்களைப் பற்றிச் சொன்னார். அதே போன்ற நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி கிடைக்காததைச் சக மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். 'நாடியற்ற நோய்' என்ற பெயர் நிலைத்தது. ஜப்பானில் இந்நோய் பெருந்தமனியின் வளைவையும், அதிலிருந்து கழுத்துக்கும் கைகளுக்கும் போகும் கிளைகளையும்தான் அதிகம் தாக்குகிறது. அங்கே நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

இந்தியாவில் வேறு முகம். வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் இங்கே அதிகம் குறுகுகின்றன. ஆண்களின் பங்கும் ஜப்பானைவிடக் கூடுதல். இந்திய, ஜப்பானிய நோயாளிகளை ஒப்பிட்டு 1997-இல் வெளியான ஆய்வும் இந்த வேறுபாட்டையே காட்டியது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால் அது அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் இந்திய நோயாளி, குறிப்பாகக் குழந்தைகள், நாடி இல்லை என்று வருவதைவிட உயர் இரத்த அழுத்தத்தோடு வருவதே அதிகம். எச்.எல்.ஏ-பி52 என்ற மரபுக் கூறு இரு நாட்டிலும் நோயோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. ஆனாலும் படரும் இடம் ஒன்றாக இல்லை. இந்நோயை வகைப்படுத்த அமெரிக்க வாதநோய்க் கல்லூரி வகுத்த 1990 அளவுகோலில் உயர் இரத்த அழுத்தத்துக்கு இடமே இல்லை. கை நாடியும் இரு கைகளின் அழுத்த வேறுபாடும் இருந்தன. 2022-இல் வந்த புதிய அளவுகோல், வயிற்றுப் பெருந்தமனியோடு சிறுநீரகத் தமனியோ குடல் தமனியோ பாதிக்கப்பட்டிருந்தால் 3 புள்ளி தருகிறது. இரு கைகளுக்கிடையே 20 மி.மீ. (பாதரச அளவு) அழுத்த வேறுபாட்டுக்கு 1 புள்ளிதான். சரியான திருத்தம் இது.

எனவே முதல் முறை நான்கு கைகால்களிலும் அளந்தே ஆகவேண்டும். கைகள் குறைவாகவும் கணுக்கால் அதிகமாகவும் வந்தால் வளைவுக் கிளைகளில் அடைப்பு. காலின் எண்ணை நம்புங்கள். கை 170, கணுக்கால் 100 என்று வந்தால் வயிற்றுப் பெருந்தமனி குறுகியிருக்கலாம். நல்ல உடலில் படுத்த நிலையில் கணுக்கால் அழுத்தம் கைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். அதன் பிறகு எப்போதும் அதிகம் காட்டும் உறுப்பிலேயே அளந்து, எந்த உறுப்பு என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். இடது கைக்குப் போகும் தமனி இந்நோயில் அடிக்கடி பாதிக்கப்படும். இடது கையில் மட்டும் அளந்து முடித்துவிடுவது பெரிய தவறு.

அளக்கும் முறை: ஐந்து நிமிடம் படுக்கவைக்கவும். கஃப்பின் காற்றுப்பை அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்கவேண்டும். சிறிய கஃப் எண்ணைக் கூட்டிக் காட்டும். தாராளமாக ஜெல் தடவி, புரோபை இரத்தம் வரும் திசை நோக்கி 45 முதல் 60 பாகை சாய்த்து, முதலில் ஒலியைக் கண்டுபிடியுங்கள். காலில் என்றால் கஃப் கணுக்காலுக்கு மேல்; ஒலி உள்கணு எலும்புக்குப் பின்னால் கிடைக்கும். ஒலி மறைந்தபின் இன்னும் 20–30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2–3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். ஒலி திரும்பும் எண்தான் மேல் அழுத்தம். அது கஃப் கட்டிய இடத்தின் அழுத்தம், புரோப் வைத்த இடத்தினுடையது அல்ல.

ஒலி கிடைக்காததற்கு முக்கியக் காரணம் புரோபை அழுத்திப் பிடிப்பது. மெலிந்த தமனி அந்த அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும். மூச்சோடு ஏறி இறங்கும் தொடர் இரைச்சல் வந்தால் சிரையில் வைத்திருக்கிறீர்கள். நல்ல தமனி சாட்டை சொடுக்குவது போல ஒலிக்கும். அடைப்பைத் தாண்டிச் சுற்றுவழியில் வரும் இரத்தம் மந்தமாக, ஒரே இழுவையாகக் கேட்கும். பைபாஸ் ஒட்டு (அடைப்பைச் சுற்றி அறுவையில் வைத்த மாற்றுக் குழாய்) தோலடியில் ஓடும் இடத்தில் கஃப் கட்டவே கூடாது.

குறைகளும் உண்டு. கீழ் அழுத்தத்தை இது தராது. நான்கு உறுப்புகளும் குறுகியவர்களுக்கு எந்த எண்ணும் உண்மையாகாது. உள்ளே குழாய் செலுத்தித்தான் அளக்கவேண்டும். தமனிச் சுவரின் அழற்சி தணிந்ததா என்பதும் இதில் தெரியாது, அதற்கு ஸ்கேன்தான். எண்ணைப் பார்த்து மாத்திரையை நீங்களே மாற்றாதீர்கள். கழுத்துத் தமனி குறுகியிருந்தால் அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவது மூளைக்கு ஆபத்து. இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருந்தால் ஏஸ் தடுப்பான் வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இந்தக் கருவிக்கு 5-க்கு 4 மதிப்பெண் தந்து, இந்த நோயாளிகளைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பரிந்துரைக்கலாம். வீட்டில் வைக்க விரும்புவோர் செவிலியரிடம் ஒலியைக் கேட்டுப் பழகிய பிறகே வாங்கட்டும். புரோப் முனையிலுள்ள படிகம் கீழே விழுந்தால் உடைந்துவிடும். புரோப் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்து ஒட்டினால் ஒலி மங்கும்.