'முதல் இதழிலிருந்து எல்லாம் படிக்கலாம்' என்று சொல்லும் பத்திரிகைத் தளத்துக்குப் பணம் கட்டும் முன்

பத்திரிகைகளின் இணையச் சந்தாவுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், அதிலும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்காகக் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு வார இதழின் தளத்துக்குச் சந்தா கட்டி ஏமாந்து புகார் கொடுத்தேன். அந்தப் புகார் இன்னும் முடியாததால் எந்தப் பத்திரிகை என்று எழுதவில்லை. அதன் பிறகு வேறு சில வார இதழ்களின் தளங்களையும் நுழைந்து பார்த்தேன். இதே கோளாறுகளில் பாதியாவது அங்கும் இருக்கின்றன.

என் அம்மா பள்ளி நாட்களிலிருந்து வார இதழ் படிப்பவர். பிடித்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு பண்ணி வைப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த பைண்டு புத்தகங்கள் மொத்தமும் ஊறிப் போயின. அதனால்தான் அந்தத் தளத்தின் முகப்பில் 'முதல் இதழிலிருந்து இன்றுவரை, ஓவியங்களோடு' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் வருடச் சந்தா கட்டினேன். பணம் கட்டும் பக்கத்தில் 'சலுகை முடிய இன்னும் சில நிமிடங்களே' என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோதும் அதே கடிகாரம், அதே நிமிடங்களிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

பணம் கட்டும் வரை நாம் பார்ப்பது பளிச்சென்ற தளம். இலவசக் கட்டுரைகள் உடனே திறக்கின்றன, எழுத்து தெளிவாக இருக்கிறது. சந்தாதாரர்களுக்கான பகுதிக்குள் போனால் அது வேறொரு தளம். பழைய இதழ்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்கள். அதுவும் குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்தவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தாள் புரள்வது போன்ற அசைவு வேறு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அம்மா எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரலால் விரித்தார். பக்கம் அசையவில்லை. "படம்தான்டி இருக்கு, எழுத்து எங்க?" என்றார்.

திரையை விரித்துப் பார்ப்பதைத் தடுக்கத் தளத்தை வடிவமைப்பவர்கள் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைச் சேர்த்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு போனின் குரோமில், அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில், தளம் தடுத்தாலும் பெரிதாக்க விடும் ஒரு தேர்வு இருக்கிறது. வயதானவர்களின் போனில் அதை இன்றே இயக்கி வையுங்கள். நானும் இயக்கினேன். பெரிதானது, ஆனால் படமே மங்கல் என்பதால் எழுத்தெல்லாம் கரைந்து தெரிந்தது. பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு இந்தப் பக்கங்களில் படிக்க ஒரு சொல்கூட இல்லை. புதிய கட்டுரைகளுக்கும் வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிற எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இதை அளந்து காட்டும் இலவசக் கருவிகளே இருக்கின்றன. அந்தத் தளத்தின் எழுத்து அதில் தேறவில்லை.

தேடல் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'எல்லா இதழ்களும்' என்ற வாக்குறுதி உடைவது அங்கேதான். தொடர்கதையின் பெயரை அடித்தேன், ஒன்றும் வரவில்லை. எழுத்தாளர் பெயரை அடித்தேன், சமீபத்திய சினிமாச் செய்திகள் வந்தன. ஸ்கேன் பக்கத்துக்குள் தேடல் புக முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தமிழ் இணையத்தின் ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு, தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதிய டாம், டாப் என்று குறியீட்டுத் தரங்களை அறிவித்தது, 2010இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான தரமான யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருவில் ஏற்றிய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டால், இன்றைய போனில் அவை வெறும் கிறுக்கல் குறிகளாகத் தெரியும். இந்தத் தளத்தில் அப்படிச் சில வருடங்கள் முழுதும் கிடக்கின்றன. மாற்றித் தரும் மென்பொருள்கள் பல வருடங்களாகவே இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு விற்கும் சரக்கை மாற்றி வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

ஓவியங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வார இதழ்த் தொடரில் பாதி உயிர் ஓவியத்தில்தான். இரண்டு பக்கம் விரிந்து வரும் படங்கள் நடுவில் வெட்டுப்பட்டு, இடப்பக்கம் மட்டும் இருக்கிறது, வலப்பக்கமே காணோம். சில இதழ்களில் அட்டை இல்லை. அறுபதுகளின் இதழ்கள் பெரும்பாலும் இல்லவே இல்லை. அவற்றைச் சொடுக்கினால் 'விரைவில்' என்று வருகிறது. இது அந்தப் பத்திரிகையின் சொந்தச் சொத்து. அதை வரைந்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் செய்யும் அவமரியாதை இது என்றே நினைக்கிறேன்.

சரி, வருடம் முடிந்ததும் விட்டுவிடலாம் என்றிருந்தேன். வருடம் முடியும் முன்பே வங்கிக் கணக்கிலிருந்து அடுத்த வருடத் தொகை போய்விட்டது, சலுகை இல்லாத முழுத் தொகை. தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது: குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு வர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் வந்திருந்தது. ஆனால் அதில் பத்திரிகையின் பெயர் இல்லை, நான் கேள்வியே படாத ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது.

தளத்தில் சந்தாவை நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். சேர்வதற்குப் பக்கத்துக்குப் பக்கம் பொத்தான் வைத்தவர்கள் விலகுவதற்கு ஒன்றுகூட வைக்கவில்லை. அலுவலக நேரத்தில் போன் செய்ய வேண்டுமாம்.

"மேடம், ஆட்டோ ரென்யூவல் ஆயிடுச்சுன்னா ரீஃபண்ட் கிடையாது. டெர்ம்ஸ்லயே போட்டிருக்கோம் மேடம்."

"டெர்ம்ஸ் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ப் பத்திரிகைதானே நீங்க?"

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தமிழ் வாசகர்களிடம் பணம் வாங்கும் ஒரு பத்திரிகை, பணம் பற்றிய நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருப்பதை ஏற்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இணைய ஏமாற்று உத்திகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 உத்திகள் பட்டியலில் உள்ளன. விலக முடியாமல் சந்தாவில் சிக்க வைப்பதும், பொய்யான அவசரம் காட்டுவதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. இதைக் குறிப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு பத்திரிகையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். இரண்டாம் வருடத் தொகை திரும்ப வந்துவிட்டது. பழைய இதழ்கள் எல்லாம் இருப்பதாகச் சொன்ன விளம்பரம் குறித்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான் பேசவே முடிகிறது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

கட்டும் முன் நீங்கள் செய்ய வேண்டியது, உங்களுக்கு எந்த வருடத்து இதழ் வேண்டுமோ அதன் மாதிரிப் பக்கம் ஒன்றைக் கேட்பது. மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். தர மறுத்தால் கட்டாதீர்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறவரின் போனிலேயே திறந்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் நன்றாகத் தெரிவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தேடலில் பழைய எழுத்தாளர் ஒருவரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். விலகும் வழி எங்கே என்று கண்டுபிடித்த பிறகே பணம் கட்டும் பக்கத்துக்குப் போங்கள். யுபிஐ வழியாகக் கட்டினால், ஒப்புதல் தரும் திரையில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். சலுகை விலையைவிட அது அதிகமாக இருந்தால், அடுத்த முறை அந்தத் தொகை வரை போகலாம் என்று அர்த்தம். ஏற்கெனவே ஒப்புதல் தந்துவிட்டவர்கள் பத்திரிகையிடம் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் யுபிஐ செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்யலாம். கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கி வழியாக ரத்து செய்யலாம்.

பழைய இதழ்களுக்காக மட்டும்தான் சந்தா என்றால், முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். பருவ இதழ்கள் நிறைய இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். சென்னையில் இருப்பவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நேரிலேயே போகலாம். எந்த இதழ், எந்த வருடம் என்று குறித்து, போவதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.