ஸோட்டெரோ, மெண்டலே, ஜாப்ரெஃப்: புக்மார்க்கை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஆய்வேடு எழுதுகிற யாரைக் கேட்டாலும் கைவசம் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று கணினியில் அடுக்கி வைத்த ரெஃபரன்ஸ் நூலகம், மற்றது "அப்புறம் படிக்கலாம்" என்று ஏதோ ஒரு புக்மார்க் சேவையில் தள்ளிவிட்ட இணைப்புகள். முதலாவதைவிட இரண்டாவது எப்போதும் பெரிசு. ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து மேற்கோளாக்கித் தரும் ஸோட்டெரோ, மெண்டலே, ஜாப்ரெஃப் ஆகியவற்றில் இரண்டையும் இணைக்க எந்த மென்பொருள் ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

இணைப்பது ஏன் கஷ்டம் என்றால், புக்மார்க்குக்குத் தெரிந்தது முகவரி, தலைப்பு, நாம் போட்ட டேக் அவ்வளவுதான். மேற்கோளுக்கோ ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் வேண்டும். 2004இல் வந்த சைட்யூலைக், கனோட்டியா என்ற இணையச் சேவைகள் இரண்டையும் ஒரே இடத்தில் செய்து காட்டின, ஆய்வுக் கட்டுரைப் பக்கத்தைப் புக்மார்க் செய்தாலே விவரத்தையும் எடுத்துக்கொள்ளும். கனோட்டியாவை 2013இல் மூடினார்கள், சைட்யூலைக்கை 2019இல். பொதுவான புக்மார்க் சேவைகளுக்கும் ஆயுள் கெட்டியில்லை, பாக்கெட் 2025 ஜூலையில் நின்றுபோனது. அதனால் எதை ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது, உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் ஸோட்டெரோ முன்னால் நிற்கிறது. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த திறமூல மென்பொருள். பிரவுசரில் அதன் கனெக்டர் நீட்சியை ஒரு அழுத்து அழுத்தினால் கட்டுரை விவரம், கிடைத்தால் பி.டி.எஃப், சாதாரண வலைப்பக்கம் என்றால் அதன் நகல் என்று நூலகத்துக்குள் வந்துவிடும். இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 எம்பிதான் இடம், பி.டி.எஃப் சேர்க்கிறவருக்கு அது சீக்கிரமே நிரம்பும். ஆனால் விவரங்களை மட்டும் சிங்க் செய்ய வரம்பில்லை, தனி நூலகத்தின் கோப்புகளை வெப்டேவ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக வேறு சர்வரிலும் வைக்கலாம். குழு நூலகத்துக்கு மட்டும் அந்த வழி கிடையாது, கூட்டாக வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

மெண்டலே தருவது 2 ஜிபி இலவச இடம், பார்க்கவும் துப்புரவாக இருக்கும், பி.டி.எஃப்பில் கோடு போட்டுப் படிக்க வசதி. 2013இல் எல்சவியர் வாங்கியது. 2018இல் கணினியிலிருக்கும் அதன் தரவுத்தளத்தைப் பிற மென்பொருள் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவிட்டார்கள், அதிலிருந்து ஸோட்டெரோவுக்கு மாறுகிறவர்கள் இப்போது ஆன்லைன் கணக்கு வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. வரலாம், தடையில்லை. இருந்தாலும் என் வீட்டுச் சாவி இன்னொருவர் கையில் இருப்பது எனக்குப் பிடிக்காது.

கட்டளைகளோடு எழுதிப் பக்கம் வடிவமைக்கும் லேடெக்ஸில் எழுதுகிறவர் என்றால் ஜாப்ரெஃப். நூலகம் என்பதே ஒரு பிப்டெக்ஸ் கோப்பு, அதாவது லேடெக்ஸ் படிக்கும் மேற்கோள் பட்டியல், வெறும் எழுத்து, நோட்பேடில்கூடத் திறக்கலாம். சிங்குக்குத் தனிச் சேவை எதுவும் இல்லை, டிராப்பாக்ஸிலோ, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலோ போட்டால் வேலை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், வலைப்பக்கத்திலிருந்து விவரம் எடுக்க இதன் பிரவுசர் நீட்சியும் ஸோட்டெரோவின் "மொழிபெயர்ப்பான்" எனப்படும், பக்கத்தைப் படித்து விவரம் எடுக்கும் சிறு நிரல்களைத்தான் பயன்படுத்துகிறது!

ஸோட்டெரோ, ஜாப்ரெஃப் இரண்டும் வேண்டும் என்றால் ஸோட்டெரோவில் பெட்டர் பிப்டெக்ஸ் நீட்சியைப் போட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிப்டெக்ஸ் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்பை ஜாப்ரெஃபில் திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் காணாமல் போகும். ஒருமுறை ஆர்வக்கோளாறில் இரண்டு மென்பொருள்களை இருபக்கமும் பேச வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரையும் இரட்டையாகி நிற்பதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தலைமைப் பிரதி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் நகல்.

சரி, ஏற்கெனவே புக்மார்க்கில் கிடப்பதை என்ன செய்வது? ரெயின்டிராப் மாதிரி சேவைகள் எல்லா இணைப்பையும் சி.எஸ்.வி என்ற அட்டவணைக் கோப்பாகக் கொடுக்கும். கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் பெரும்பாலும் இணைப்பு முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை மட்டும் வெட்டி எடுத்து ஸோட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானில் வரிவரியாக ஒட்டினால் மீதி விவரத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என்னும் அப்படியே. டிஓஐ இல்லாத செய்தி, வலைப்பதிவு எல்லாம் புக்மார்க்கிலேயே இருக்கட்டும், மேற்கோள் காட்டும் நாளில் கனெக்டரை அழுத்தினால் போதும்.

நம் பெயர்கள்தான் தனித் தலைவலி. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்கிற நமக்குக் குடும்பப்பெயர் எது, முதற்பெயர் எது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஸோட்டெரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது, பிப்டெக்ஸில் பெயரைச் சுற்றி இன்னொரு ஜோடி நெளிவு அடைப்புக்குறி போட வேண்டும். தமிழ் நூல்கள் நிறைய இருந்தால் லேடெக்ஸில் நூற்பட்டியல் தயாரிக்கும் பழைய பிப்டெக்ஸ் நிரலை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும், யூனிகோட் தெரிந்த பைபருக்குப் போய்விடுங்கள், அகரவரிசை தப்பாது.