கப்ளர் மாற்றிய கையோடு: மிக்ஸியில் வாழைப்பழ ஐஸ்கிரீம், மூன்று கோடை அனுபவம்

750 வாட் மிக்ஸி, ஒரு லிட்டர் ஸ்டீல் ஜார், உறைய வைத்த மோரிஸ் பழம், பீனட் பட்டர். மூன்று கோடையாக இதே கூட்டணிதான். பழத்தை உறைய வைத்து அரைத்தால் கிரீமும் சர்க்கரையும் இல்லாமலே ஐஸ்கிரீம் மாதிரி வரும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்த விஷயம், அதை விளக்கப் போவதில்லை. இதற்கென்று தனி மெஷின் வாங்கலாமா, வீட்டு மிக்ஸியே போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நேரம், மிக்ஸி இரண்டாவது முறையாக ரிப்பேர் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதனால் கப்ளரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மோட்டார் மேல் ஒன்று, ஜாரின் அடியில் ஒன்று என இரண்டு கப்ளர். பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு மோட்டாரின் சுற்றைப் பிளேடுக்குக் கொண்டுபோவது இந்த இரண்டும்தான். ரப்பரிலோ நைலானிலோ இருக்கும். உறைந்த பழத்துண்டு ஒன்று பிளேடுக்கும் ஜார் சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டால் பிளேடு நின்றுவிடும், மோட்டார் நிற்காது. அந்த ஒரு நொடியில் அடி வாங்குவது கப்ளர். கர்ரென்று சத்தம் வரும், கூடவே ரப்பர் தீய்ந்த வாடை. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் மோட்டார் கப்ளரைச் சுற்றி மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பொடி கிடக்கும். அந்தப் பொடி கப்ளரின் பல்தான். விரல் நுனியால் தடவினால் ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாக மழுங்கிச் சாய்ந்திருப்பது தெரியும். இந்தப் பொடியைப் பார்த்த பிறகும் துடைத்துவிட்டு ஓட்டினால் இரண்டு வாரத்தில் காலைச் சட்னிக்கே ஜார் வழுக்க ஆரம்பித்துவிடும்.

முதல் முறை கடையில் ஜார் பக்கக் கப்ளரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இது எனக்கு இன்னும் ஆறாத கோபம். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் கவ்வல் சரியாக விழாது, புதியதும் சீக்கிரம் மழுங்கிவிடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மிக்ஸியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இட்லி மாவுக்கும் மசாலாவுக்கும் செய்த பொருள் அது. தப்பு துண்டின் அளவிலும் அவசரத்திலும் இருந்தது. ஒரு இன்ச் துண்டாக நறுக்கச் சொல்லும் செய்முறைகள் ஃபுட் பிராசஸரை மனதில் வைத்து எழுதியவை. மிக்ஸி ஜாரில் பிளேடுக்கும் சுவருக்கும் இடைவெளி குறைவு, அவ்வளவு பெரிய துண்டு அங்கே கட்டாயம் சிக்கும். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை தடிமனில், காசு மாதிரி வட்டமாக நறுக்குங்கள். தோலை உரித்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும், உறைந்த பழத்தில் தோல் கறுத்து ஒட்டிக்கொள்ளும், கத்தி போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, 8 மணி நேரம். அதன் பிறகு டப்பாவிலோ கவரிலோ அள்ளிப் போட்டால் துண்டு துண்டாகவே இருக்கும். நேரடியாகக் கவரில் போட்டால் ஒரே பாளமாகிவிடும். அந்தப் பாளத்தை உடைத்துப் போட்ட நாளில்தான் முதல் கப்ளர் போனது.

அடுத்தது காத்திருக்கும் நேரம். சென்னை மே மாதத்தில் 5 நிமிடம், டிசம்பரில் 8 நிமிடம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். நிமிடத்தை விட நகத்தை நம்பலாம்: துண்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கோடு விழ வேண்டும், நடுப்பகுதி இறுக்கமாகவே இருக்க வேண்டும். பழுத்த வாழைப்பழத்தில் சர்க்கரை அதிகம், அதனால் அதிலுள்ள தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாக உறையாது, ஒரேயடியாக உருகவும் செய்யாது. உருகுவதற்கு முன்னால் மெத்தென்று ஆகும் ஒரு கட்டம் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் மிக்ஸி பிழைத்தது.

ஒரு லிட்டர் ஜாருக்கு 300 கிராம், உரித்த பிறகு. இதற்குக் குறைந்தால் பிளேடு பழத்தைச் சுவரில் அப்பிவிட்டுச் சும்மா சுற்றும். 400 தாண்டினால் இறுகும். குமிழைப் பல்ஸ் பக்கம் திருப்பி, ஒரு நொடி விட்டு ஒரு நொடியாக 15 முறை. முதலில் புட்டு மாவு மாதிரி உதிரியாக வரும். இந்த இடத்தில் பலர் பயந்து பாலை ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம். மூடியைத் திறந்து, ஓரத்தை வழித்து நடுவில் தள்ளி, முதல் ஸ்பீடில் 10 நொடி. உதிரி சேர்ந்து உருண்டையாகும். இன்னொரு வழிப்பு, இன்னொரு 10 நொடி, உருண்டை உடைந்து திடீரென்று வழவழப்பாகும். ஜார் உள்ளே சத்தமே மாறிவிடும், கடகடவென்று இருந்தது கனமாக, தாழ்வாக இறங்கும். அங்கே நிறுத்த வேண்டும். மோட்டார் ஓடும் நேரம் மொத்தமாக ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் பிளேடின் சூட்டில் உருகி மில்க்ஷேக் ஆகிவிடும்.

மூன்று வருடமாகத் தீராத எரிச்சல் இந்த வழிப்புதான். பிளேடைச் சுற்றிக் குழி விழுந்துவிடும். மேலே பழம் கூரை மாதிரி நிற்க, பிளேடு கீழே காற்றில் சுற்றும். நிறுத்து, மூடியைத் திற, கரண்டியால் குத்தி இறக்கு, மூடு. ஒரு தடவைக்கு ஆறு முறை, ஏழு முறை. குளிரில் மூடியின் ரப்பர் வாஷர் இறுகி, அதை ஒவ்வொரு முறையும் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். இரண்டு ஸ்பூன் பால் ஊற்றினால் குழி விழுவது குறையும், உண்மைதான். ஆனால் ஊற்றிய பாலில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தை மறுபடி ப்ரீசரில் வைத்தால் அது ஐஸ் துகளாக நாக்கில் நெறுநெறுக்கும். உடனே சாப்பிடுவதானால் ஊற்றுங்கள், எடுத்து வைப்பதானால் தேங்காயின் முதல் பாலை ஒரு ஸ்பூன் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் மிக்ஸி மொத்தமாக நின்றுபோனால் பதற வேண்டியதில்லை. அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, 10 நிமிடம் ஆறவிட்டு, உள்ளே அழுத்தினால் போதும்.

இத்தனை தொல்லைக்கும் இதை விடாமல் செய்ய வைப்பது பீனட் பட்டர். முதலில் ருசிக்காகத்தான் சேர்த்தது. அது பதத்தையே மாற்றும் என்பது போகப் போகத்தான் புரிந்தது. நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். கடலை எண்ணெய் ப்ரீசரில் கெட்டிப்படுமே தவிர ஐஸ் மாதிரி கல்லாகாது. அது ஐஸ் துகள்களுக்கு இடையில் புகுந்துகொள்வதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாவது குறைகிறது. வெறும் வாழைப்பழத்தை மட்டும் அரைத்து மறுநாள் எடுத்தால் ஸ்பூன் இறங்க 15 நிமிடம் ஆகும். பீனட் பட்டர் சேர்த்தது 8 நிமிடத்தில் சுருண்டு வரும்.

300 கிராம் பழத்துக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 30 கிராம் சுமார். ஒரு ஸ்பூன் போட்டால் போட்டதே தெரியாது. நான்கு போட்டால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், பழத்தின் வாசம் செத்துவிடும். இரண்டு விரலால் எடுக்கும் அளவு உப்பு கட்டாயம், குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், உப்பு அதைத் தூக்கிக் கொடுக்கும். எப்போது போடுவது என்பதுதான் முக்கியம். ஆரம்பத்திலேயே போட்டால் குளிர்ந்த பழத்தில் பட்டு இறுகி, பிளேடின் அடியில் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உருண்டை உடைந்து வழவழப்பாகும் கட்டத்தில், அறை வெப்பநிலையில் இருக்கும் பட்டரைப் போட்டு 5 நொடி. பிரிட்ஜில் வைத்த பட்டர் கட்டி கட்டியாக நிற்கும். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கிவிட்டு எடுங்கள், எண்ணெயை வடித்துவிட்டால் வேலை செய்யும் பாகமே போய்விடும்.

கடையில் வாங்குவதில் சர்க்கரையும் கெட்டியாக்கிய தாவர எண்ணெயும் சேர்ந்தவை நிறைய. வெறும் கடலை, உப்பு என்று மட்டும் லேபிளில் இருப்பதை எடுங்கள், அல்லது வீட்டிலேயே அரையுங்கள். 250 கிராம் கடலையை நிதானமான தீயில் வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி (தோல் இருந்தால் துவர்க்கும்), கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே அரைக்க வேண்டும். பொடியாகும், பிறகு உருளும், பிறகு எண்ணெய் விட்டு இளகும். ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் ஆறவிட்டால் ஐந்தாறு சுற்றில் வந்துவிடும். ஈர ஸ்பூன் கூடப் படக் கூடாது, ஒரு துளி தண்ணீரில் மொத்தமும் இறுகிவிடும். அரைத்த ஜாரைக் கழுவாமல் அதிலேயே பழத்தைப் போட்டால் ஒட்டியிருக்கும் பட்டர் வீணாகாது. ஆனால் ஜார் அப்போது கொதிக்கும், அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் பழம்.

பழத்தில் மோரிஸ்தான் முதலிடம். வாசம் குறைவு, ஆனால் கடலைக்கு வழிவிடும், விலையும் கைக்கு அடக்கம். தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகே நறுக்குங்கள், மஞ்சளாக மட்டும் இருப்பதில் மாவுச்சத்து மிச்சமிருக்கும், உறைந்த பிறகு சுண்ணாம்பு மாதிரி நாக்கில் படியும். செவ்வாழை இன்னும் கெட்டியாக வரும், செலவைப் பார்க்காதவர்களுக்கு. பூவனில் லேசான புளிப்பு, அது முந்திரிக்கு ஒத்துப்போகும், கடலைக்கு ஒட்டாது. ரஸ்தாளி வாசத்துக்கு ஈடில்லை, ஆனால் சில பழங்களின் நடுவில் கல் மாதிரி கட்டி இருக்கும். நறுக்கும்போதே அதைத் தேடி எடுக்காவிட்டால் அதுவே பிளேடுக்கு எமன். நேந்திரம் இதற்கு வேண்டாம்.

மற்றவற்றில் சப்போட்டா எதிர்பாராத அருமை. தோல், விதை நீக்கி 200 கிராம், கூட 100 கிராம் மோரிஸ், ஒரு ஸ்பூன் பாதாம் பட்டர். மாம்பழத்தில் நாரில்லாத பங்கனபள்ளியோடு முந்திரி பட்டர். தர்பூசணி பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எதைச் சேர்த்தாலும் ஐஸ்தான். அன்னாசியைப் பாலோடு சேர்த்து வைத்தால் கசக்கும், அதிலுள்ள என்சைம் பாலின் புரதத்தை உடைப்பதால். உறைய வைத்தாலும் அந்த என்சைம் சாகாது.

சேமிக்க, ஆழமில்லாத எவர்சில்வர் டப்பா, மேற்பரப்பில் ஒட்டிய மாதிரி ஒரு பட்டர் பேப்பர், ப்ரீசரின் உள்பக்க மூலை. கதவோரம் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்து துகள் பெருக்கும். ஒரு வாரம் தாங்கும். இரண்டாம் நாளிலிருந்து பழுப்பு ஏறும், அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் தள்ளிப்போகும்.

நண்பருக்குப் பதில் இதுதான்: வீட்டில் ஒரே ஒரு மிக்ஸி, அதுதான் தினமும் சட்னிக்கும் மாவுக்கும் என்றால் இதைச் செய்யாதீர்கள். இவ்வளவு புகழ்ந்த பிறகும் இன்றைக்கு என் வாயில் வருவது அந்தப் பதில்தான். கப்ளர் போன மறுநாள் காலையில் தேங்காய் அரைக்க முடியாமல் நிற்பது எந்த ஐஸ்கிரீமுக்கும் ஈடாகாது. இதற்குத் தனி மெஷின் வாங்குவதும் என் கணக்கில் தண்டச் செலவு, அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண இரண்டாவது மிக்ஸி எடுத்தால் வேறு வேலைக்கும் ஆகும்.

ஆனாலும் ப்ரீசரில் இப்போது இரண்டு தட்டு மோரிஸ் உறைந்துகொண்டிருக்கிறது, அலமாரியில் ஒரு ஜோடி கப்ளர் உபரியாக இருக்கிறது. நீங்களும் அப்படி வாங்கி வைப்பதானால் ஜாரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், பல்லின் எண்ணிக்கையும் ஆழமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.